சின்ன ஊர், பதின்வயதுப் பிள்ளைகள், ஒரு நில ஆமை: வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் சிறு ஊரில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 12. காணொளி ஒன்றில் பார்த்த சல்காட்டா ஆமைக்குட்டி வேண்டும் என்று இருவரும் ஆறு மாதமாகக் கேட்கிறார்கள். நாயும் பூனையும் வேண்டாமாம், ஆமைதான் வேண்டுமாம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஊரில் உள்ள கால்நடை மருத்துவர் மாடும் நாயும் பார்ப்பவர். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: சல்காட்டா வேண்டாம். ஆனால் ஆமையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஆமை வந்தபோது மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. இன்று மகளுக்கு 28. அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், மகனும் வெளியூரில்தான். ஆமை எங்களோடு இருக்கிறது. இன்று காலையும் விளக்கைப் பார்த்து, தண்ணீர் மாற்றி, தீனி வைத்தது நான்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் 14 வருடத்துக்கு முன் யாராவது இதை என்னிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சல்காட்டா. முட்டையிலிருந்து வரும்போது ஐந்து சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். காணொளிகளில் காட்டுவது அந்தப் பருவத்தைத்தான். இது சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பைச் சேர்ந்த விலங்கு. கலாபகசு, அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகில் இதுதான் பெரிய நில ஆமை. வளர்ந்தால் 35 முதல் 50 கிலோ சாதாரணம். பெரிய ஆண்கள் 100 கிலோவைக்கூட நெருங்கும். பாலைவன வெயிலுக்குத் தப்ப நிலத்துக்குள் பல மீட்டர் சுரங்கம் தோண்டி வாழும் இனம் என்பதால், உங்கள் வீட்டு அஸ்திவாரத்தின் ஓரத்திலும் தோண்டத்தான் பார்க்கும். ஆண் ஆமைக்கு முட்டும் பழக்கம் உண்டு. மரக்கதவை முட்டியே பெயர்த்த சல்காட்டாவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் 25 வயதில் வீட்டுக்கு வரும்போது அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும். எழுபது வருடமும் அதற்கு மேலும் அது வாழும். ஆமைகளை மீட்டுப் பராமரிக்கும் இடங்களில் வீட்டுக்காரர்கள் கைவிட்ட சல்காட்டாக்கள் குவிந்து கிடப்பதற்குக் காரணம், யாரும் அந்த முதிர்ந்த உருவத்தை நினைத்து வாங்குவதில்லை என்பதுதான்.

எல்லா நில ஆமைக்கும் ஆயுள் நீளம்தான். செயின்ட் ஹெலினா தீவில் உள்ள ஜோனதன் என்ற ராட்சத ஆமை 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். 1882ல் அந்தத் தீவுக்கு வந்தபோதே அது முழு வளர்ச்சி அடைந்திருந்தது. வீட்டில் வளர்க்கும் சிறிய இனங்கள் அவ்வளவு காலம் இருக்காது, ஆனாலும் 40, 50 வருடம் சர்வசாதாரணம். உங்கள் மகளின் பதின்பருவத்தில் மிஞ்சியிருப்பது மூன்று நான்கு வருடம்தான். எனவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது பிள்ளைகளுக்கு ஆமை வாங்கித் தருவதைப் பற்றி அல்ல. நீங்களும் உங்கள் துணைவரும் ஆமை வளர்க்கப் போகிறீர்களா என்பதைப் பற்றி. இரண்டு பேரும் மனதார 'சரி' என்றால் மேலே படியுங்கள். ஒருவர் தயங்கினாலும் இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது சட்டம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நில ஆமைக் குடும்பம் முழுவதும் 'சைட்டீஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. 1973ல் கையெழுத்தாகி 1975 முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தம் அது. சல்காட்டாவைக் காட்டில் பிடித்து வணிகத்துக்கு ஏற்றுமதி செய்வதற்கான ஒதுக்கீடு 2000ஆம் ஆண்டு முதல் பூஜ்யம். நட்சத்திர ஆமையை 2019ல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கே மாற்றிவிட்டார்கள். ஆகவே யாராவது "காகிதம் எல்லாம் எதற்கு, பெட்டியில் போட்டுத் தருகிறேன்" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அப்படி வரும் ஆமை பெரும்பாலும் காட்டிலிருந்து திருடியது, ஒன்று பிழைத்து வருவதற்குள் பல செத்திருக்கும். உங்கள் நாட்டுச் சட்டம் எந்த இனத்தை அனுமதிக்கிறது, பதிவு வேண்டுமா என்று வனத்துறையிடம் நேரில் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் மகள் அப்படி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தானே கேள்வி கேட்டாள். ஆசைப்பட்டதற்கும் அனுமதி வேண்டும் என்பது அவளுக்கு அன்று புதிதாக இருந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது புல்வெளி ஆமை. விற்பவர்கள் ருஷ்ய ஆமை என்பார்கள். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்து வறண்ட புல்வெளிகள்தான் அதன் சொந்த இடம். வளர்ந்தாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியதுதான், 15 முதல் 20 சென்டிமீட்டர். 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் ஏறி நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பியவை இந்த இனத்து ஆமைகள் இரண்டு. மனிதர்கள் நிலவைச் சுற்றியது அதற்குப் பிறகு, அந்த டிசம்பரில்தான். இதை எங்கோ படித்துவிட்டு வந்த மகன் எங்கள் ஆமைக்கு 'நிலா' என்று பெயர் வைத்தான்.

குட்டியாக வாங்காமல் வளர்ந்த ஆமையாகத் தத்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. குட்டிக்குச் சூடும் ஈரமும் கொஞ்சம் பிசகினாலும் ஓடு மேடுமேடாகக் கோணிவிடும். வளர்ந்த ஆமை சிறு தவறுகளைத் தாங்கும், அதன் அளவும் குணமும் முன்பே கண்ணுக்குத் தெரியும். வைத்துப் பார்க்க முடியாமல் கொடுக்க நினைக்கும் குடும்பங்கள் எப்போதும் உண்டு.

இனி வெளிச்சம். எங்கள் வீட்டில் தவறு நடந்தது இதில்தான். ஆமையின் உடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அதை உண்டாக்க வெயிலில் உள்ள புற ஊதா 'பி' கதிர் தோலில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் வீட்டுக்குள் வளர்த்தால் அந்தக் கதிரைத் தரும் தனி விளக்கு வேண்டும். இது தெரியாமல் ஜன்னலோரம் கூண்டை வைத்துவிட்டு, நன்றாக வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருந்தோம். சில மாதம் கழித்து நிலா நடக்கும்போது வயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தது. ஓட்டின் ஓரத்தை அழுத்தினால் லேசாக வளைந்தது. எலும்பு கரையத் தொடங்கியிருந்தது. அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனத்துப் போகிறது. ஆமை கத்தாது, முனகாது. தாங்கும் வரை தாங்கிவிட்டு ஒரு நாள் நடையை நிறுத்திவிடும்.

எங்கள் ஊர் மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் நேர்மையானவர். "எனக்கு இது தெரியாது, தெரிந்தவரிடம் பேசிக் கேட்கிறேன்" என்றார். தொலைவில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல இவர் மருந்தளவைக் குறித்து ஊசி போட்டார். பிழைத்துவிட்டது. சின்ன ஊரில் உங்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும், அதுவும் ஆமை வருவதற்கு முன்பே. ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார், எத்தனை மணி நேரப் பயணம், அவர் உங்கள் ஊர் மருத்துவரோடு பேசச் சம்மதிப்பாரா என்று கேட்டு வையுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் ஆமை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

விளக்கைப் பற்றி இன்னொன்று. புற ஊதா விளக்கு பழசானால் வெளிச்சம் அப்படியேதான் தெரியும், ஆனால் கதிர் குறைந்துவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வகையைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். வாங்கிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஆமை வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், மறுமுனை பத்து டிகிரி குறைவாக இருக்கட்டும். தனக்கு வேண்டிய சூட்டை அதுவே நகர்ந்து தேடிக்கொள்ளும். வேலி போட்ட முற்றத்தில், நிழலும் ஒளிய இடமும் வைத்து, நேரடி வெயிலில் விட முடிந்தால் எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது.

சாப்பாடு சுலபம். புல்லும் களைச்செடிகளும் பூச்சிமருந்து படாத இலைகளும் போதும். பழம், நாய்த்தீனி, பிள்ளைகள் ஆசையாகத் தூக்கிப்போடும் ரொட்டித்துண்டு எதுவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் போட்டு வைத்தால் தேவைப்படும்போது கடித்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு முறையாவது தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். வறண்ட நிலத்து ஆமைகள் சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேமிக்கும். பயந்தால் அதை வெளியே விட்டுவிடும். யார் வந்தாலும் தூக்கித் தூக்கிக் காட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர்கால உறக்கத்தைப் பற்றி இரண்டு வரி. புல்வெளி ஆமை குளிரில் மாதக்கணக்கில் தூங்கும் இனம். உங்கள் ஊரில் குளிர் கடுமையாக இருந்தால் 5 டிகிரிக்குப் பக்கத்தில் நிலையாக வைத்துத் தூங்கவிடுவார்கள், அதற்கென்றே தனிக் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண் போய்விடும், உயிரும் போகலாம். முதல் வருடம் இதை முயற்சி செய்யாமல், விளக்கும் சூடும் கொடுத்து விழித்தே வைத்திருங்கள்.

கை கழுவும் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆமைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். சிறுபிள்ளைகள் வாயில் வைத்து நோய் வாங்கியதால்தான் அமெரிக்காவில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975லேயே தடை செய்தார்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முத்தம் கூடாது, அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோ, கர்ப்பிணியோ, உடல் தளர்ந்த பெரியவரோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இனி பிள்ளைகள். நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கேள்விக்குள் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் மகள் 15 வயதில் எங்களோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில், அப்புறம் அறைக்கதவு சாத்தும் சத்தம். ஆனால் நிலாவைக் குளிப்பாட்டும் கால் மணி நேரம் மட்டும் அவள் வெளியே வந்து தரையில் உட்காருவாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, ஆமையைப் பார்த்தால் போதும். நான் எதுவும் கேட்கமாட்டேன். சில நாள் ஒன்றும் நடக்காது. சில நாள் திடீரென்று, பள்ளியில் ஒரு தோழி தன்னை ஒதுக்கியதைச் சொல்வாள். எதிரே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அது என் காதுக்கு வந்திருக்காது. நாய் இருந்திருந்தால் ஓடியிருக்கும், விளையாடியிருக்கும், எங்கள் கவனமும் அதன் பின்னால் போயிருக்கும். ஆமை அசையாமல் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

மகனுக்கு வேறு வழியில் உதவியது. ஞாயிறுதோறும் ஆமையை எடை போட்டு நோட்டில் எழுதுவது அவன் வேலை. கணக்கு என்றாலே ஓடும் பிள்ளை, தானாகவே வரைபடம் போட ஆரம்பித்தான். ஒரு முறை இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கியதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தது அவன்தான். வயிற்றில் புழு இருந்தது, மருந்தில் சரியானது. அன்று அவன் நடையே மாறியிருந்தது.

இங்கே ஒரு வேண்டுகோள். ஆமையைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காதீர்கள். மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்பதும், கவனிக்கவில்லை என்றால் கொடுத்துவிடுவேன் என்பதும் ஒன்றுதான். இரண்டிலும் உயிருள்ள ஒன்று பேரம் பேசும் பொருளாகிவிடுகிறது. பரீட்சை மாதத்தில் மகள் நான்கு நாள் தீனி வைக்க மறந்தாள். நான் சத்தம் போடாமல் வைத்தேன். ஐந்தாம் நாள், "இந்த மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன், பரீட்சை முடிந்ததும் நீ எடுத்துக்கொள்" என்றேன். பரீட்சை முடிந்த அன்றே எடுத்துக்கொண்டாள். பெரியவர் ஒருவர் தினமும் ஒரு பார்வை பார்ப்பது என்றும், பிள்ளைகள் அதில் பங்கெடுப்பது என்றும் வைத்துக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

சின்ன ஊர் என்பதால் வருவதும் உண்டு. ஒரே வாரத்தில் நாங்கள் 'ஆமை வீடு' ஆகிவிட்டோம். மகளைப் பள்ளியில் ஆமை என்று கேலி செய்தார்கள், ஒரு மாதம் அழுதாள். கேலி செய்தவர்களில் இருவர் பின்னால் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு நண்பர்களானார்கள். பள்ளிக்குக் கொண்டு வரச் சொல்லிக் கேட்டபோது நாங்கள் மறுத்தோம். முப்பது பிள்ளைகளின் கைக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. பதிலுக்கு நான்கு நான்கு பேராக வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்றோம், அது நன்றாக நடந்தது. உங்கள் மகள் கூச்ச சுபாவம் உள்ளவள் என்றால் இந்தத் திடீர்ப் புகழுக்கு அவளை முன்பே தயார் செய்யுங்கள்.

அதே சின்ன ஊர்தான் நிலாவை மீட்டும் கொடுத்தது. மூன்றாம் வருடம் வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு போய்விட்டது. ஐந்து நாள் தேடினோம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு காய்கறிப் பாத்தியில் பார்த்தவர் அதை நேராக எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்தார். வேலியை மண்ணுக்குள் ஓர் அடியாவது இறக்கி நடுங்கள். அடையாளத்துக்கு மருத்துவரிடம் மைக்ரோசிப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவதும் சாயம் பூசுவதும் கூடவே கூடாது. ஓடு அதன் விலா எலும்போடும் முதுகெலும்போடும் ஒன்றாகச் சேர்ந்தது, தொட்டால் அதற்குத் தெரியும். வளர்க்க முடியாமல் போனாலும் வெளியே விட்டுவிடாதீர்கள். அந்த மண்ணுக்கு உரியதல்லாத ஆமை ஒன்று பட்டினியில் சாகும், அல்லது அங்குள்ள ஆமைகளுக்கு நோயைக் கொடுக்கும்.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று யாராவது உங்களிடமும் சொல்வார்கள். நாங்கள் சண்டை போடவில்லை. சொன்ன பெரியவரையே தீனி வைக்கச் சொன்னோம். மூன்றாம் நாள் முதல் அவரே இலை பறித்து வைக்க ஆரம்பித்தார்.

பிள்ளைகள் போன பிறகு ஆமை அவர்களை மறந்துவிடுமா என்று என் மகள் கேட்டாள். வியன்னா விலங்குக் காட்சிசாலையில் பயிற்சி கொடுத்த ராட்சத ஆமைகள் சில, 9 வருடம் கழித்தும் கற்றதை மறக்காமல் செய்தன என்ற ஆய்வு 2019ல் வெளிவந்தது. அதை அவளுக்கு அனுப்பினேன். அவள் விடுமுறைக்கு வரும்போது நிலா தலையை நீட்டி அவள் பக்கம் நடக்கிறது. அடையாளம் தெரிந்தா, தீனிக்காகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அது போதுமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆமை வாங்குவதற்கு முன் கூண்டைத் தயார் செய்து விளக்கு, வெப்பமானி, தண்ணீர்த் தட்டு எல்லாம் வைத்து, ஒரு மாதம் காலியாகவே நடத்தச் சொல்லுங்கள். காலையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, இரு முனைகளின் வெப்பத்தையும் குறித்து, தண்ணீர் மாற்றி, கைப்பிடி இலை பறித்து வைத்து, மாலையில் அதை எடுத்துப் போட வேண்டும். மின்சாரம் போகும் நாளில் என்ன செய்வது என்றும் அந்த மாதத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளைகள் விடும் நாட்களில் நீங்கள் செய்யுங்கள், அதையும் நோட்டில் யார் செய்தது என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் நால்வரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டுங்கள். நோட்டில் உங்கள் கையெழுத்து எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகும் உங்களுக்கு ஆமை வேண்டும் என்றே தோன்றினால், தத்துக் கொடுக்கக் காத்திருக்கும் குடும்பத்தைத் தேட ஆரம்பியுங்கள்.